ஒரு தடவை பார்க்கலாம்

டாக்டர் யமுனாதேவிக்கு ஒரு பழக்கம்.
வாயைத் திறக்கச் சொல்லி
இரண்டு பக்கமும் பஞ்சைத் திணித்த பிறகுதான் கேட்பார்:
"அந்தப் படம் பாத்தீங்களா? எப்படி?"

கொளத்தூரில், ரெட்டேரி பக்கம்
மாடியில் இருக்கிறது எங்கள் கிளினிக்.
கீழே பரோட்டாக் கடை.
சாயங்காலமானால் கொத்துக் கரண்டி
டிரில்லுக்குத் தாளம் போடும்.

பஞ்சு வாய்களின் பாஷை
எட்டு வருஷத்தில் எனக்குப் பழகிவிட்டது.
"ஆவ்வா" என்றால் சூப்பர்.
"உஹும்" என்று கண்ணை மூடினால்
இடைவேளைக்கு அப்புறம் இழுவை.
கையை வாசல் பக்கம் வீசினால்
பாட்டு வந்ததும் வெளியே போய்விட்டார்கள்.
உறிஞ்சுகுழாயைப் பிடித்தபடியே
நான் டாக்டருக்கு அர்த்தம் சொல்வேன்.

பல்லுக்குக் கம்பி போட்ட பெண்
வில்லன்தான் அழகு என்றாள்.
எழிலரசி மேடம் கதையே சொல்லவில்லை,
கல்யாண சீனில் கட்டிய
அரக்குப் புடவையைச் சொன்னார்,
பார்டர் உட்பட.

சேவியர் சாருக்கு வேர் சிகிச்சை. நாலு சிட்டிங்.
முதல் வெள்ளிக்கிழமை
வீங்கிய கன்னத்தோடு
ஒன்பது மணிக் காட்சியிலிருந்து நேராக வந்தார்.
"குப்பை சிஸ்டர். பார்க்கிங் காசு வேற.
அவன் ஒவ்வொருத்தனை அடிக்கும்போதும்
எனக்குத்தான் பல்லு வலிச்சுது."

இரண்டாவது முறை வலி குறைந்திருந்தது.
மச்சினன் டிக்கெட் எடுத்துவிட்டானாம்,
மறுக்க முடியவில்லையாம்.
"அவ்ளோ மோசமில்ல.
ஏசி நல்லா இருந்துது."

மூன்றாவது முறைக்குள்
படம் வீட்டுக்கே வந்துவிட்டது.
மகள் ரிமோட்டை வைத்துக்கொண்டு
சண்டைகளைப் பத்துப் பத்து விநாடியாகத் தாண்டினாளாம்.
மிஞ்சியது ஐம்பது நிமிஷம்.
"நல்ல குடும்பப் படம்" என்றார்,
பஞ்சு வருமுன் அவசரமாக.

நாலாவதில் கேப் பொருத்தினோம்.
டாக்டர் படத்தைப் பற்றிக் கேட்டார்.
"எந்தப் படம்?" என்றவர்
கடித்துப் பார்த்தார்,
கண்ணாடி வாங்கி இளித்துப் பார்த்தார்,
"கொஞ்சம் ஓவரா இருக்கு, ராவிடுங்க" என்றார்.
அது பல்லைப் பற்றி.

நான் படம் பார்ப்பது தவணையில்.
சிக்னலில் பஸ் நிற்கும் பொழுது கொஞ்சம்,
பால் பொங்கும்வரை கொஞ்சம்,
இவர் இரவு ஷிஃப்ட் முடிந்து
அம்பத்தூரிலிருந்து வரும்வரை கொஞ்சம்.
போன மாதம் ஒன்று பார்த்தேன்.
வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல்
ஓடிப்போன படம்.

அதில் ஒருத்தி டிபன் பாக்ஸ் கழுவுகிறாள்.
அவ்வளவுதான்.
பின்னணி இசை கிடையாது, குழாய்ச் சத்தம்.
மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றி
இடுக்கில் காய்ந்த பருக்கையை
நகத்தால் சுரண்டி
மறுபடி மாட்டுகிறாள்.
ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்புகிறது.
விடாமல் அமுக்குகிறாள். உட்கார்ந்துவிடுகிறது.
பிறகு விளக்கை அணைக்கிறாள்.

கதைக்கு அது தேவையே இல்லை.
வெட்டியிருக்கலாம்.
யாரோ ஒருவர், எந்த ஊர்க்காரரோ,
வெட்டாமல் விட்டிருக்கிறார்.
நான் இறங்க வேண்டிய நிறுத்தம்
அன்றைக்குத் தாண்டிப் போய்விட்டது.

நேற்று எட்டு மணிக்கு மேல் ஆளில்லை.
டாக்டர் கையுறையை உரித்துப் போட்டு
எப்போதும் இல்லாமல் என் பக்கம் திரும்பினார்.
"நீ ஏதாச்சும் பாத்தியா புனிதா? எப்படி?"

என் வாயில் பஞ்சில்லை.
மரத்துப்போக ஊசி எதுவும் போடவில்லை.
கருவிப் பெட்டியின் ரப்பரைக் கழற்றி
கழுவிக்கொண்டிருந்தேன்.
"ஒண்ணு பாத்தேன் மேடம்" என்றேன்.
"பரவால்ல.
ஒரு தடவை பாக்கலாம்."

பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.
அந்தக் காட்சியை மட்டும்
பன்னிரண்டாவது தடவையாகப் போட்டேன்.
சார்ஜ் ஒரு சதவீதம்.
அவள் விளக்கை அணைப்பதற்குள்
போன் அணைந்துவிட்டது.